மைக் அண்ணாச்சி மெல்லப் பேசிய நாட்கள்

வாசுதேவநல்லூரில் மகள் வீட்டில் சில நாள் தங்கிவிட்டுக் காலை பஸ்ஸில் திரும்பி வந்தேன். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி நுழைந்து ஒரு சுவரை ஒட்டி நின்றது. ஜன்னல் வழியாக ஒரு சுவரொட்டியின் கீழ்ப்பாதி மட்டும் தெரிந்தது. எழுத்துப் படித்த பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. கண்ணில் படும் எதையும் வாசித்துப் பார்க்காமல் விடமாட்டேன். உரக்கடைப் பலகை, பஸ் பெயர், தீப்பெட்டி, எல்லாம் வாசிப்பேன். அன்றும் அப்படித்தான் ஆரம்பித்தேன். "எங்கள் நகரின் ஒலிபெருக்கி அறிவிப்பாளர்" என்று இருந்தது. எவ்வளவு நீளமான சொற்கள்! எங்கேயும் தட்டாமல் வாசித்துவிட்டேன். சந்தோஷம் தாங்காமல் பக்கத்தில் இருந்தவரிடம், "ஒலிபெருக்கின்னு போட்டிருக்கு, பாத்தீரா?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் அடுத்த வரிக்குப் போனேன்.

அடுத்த வரியில் இருந்த பெயருக்கு எழுத்துக் கூட்ட வேண்டியிருக்கவில்லை. முதியோர் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து அவர் அதை எழுதி எழுதிப் பார்ப்பார். கோமதிநாயகம்.

இறங்கிப் போய் முன்னால் நின்று மேல்பாதியையும் பார்த்தேன். கையில் மைக்கோடு அண்ணாச்சி சிரித்துக்கொண்டிருந்தார். யார் துணையும் இல்லாமல் நான் முழுதாக வாசித்த முதல் சுவரொட்டி அது. நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்று பூக்கடைக்காரர் சொன்னார். முந்தின நாளே எடுத்துவிட்டார்களாம். போனில் எனக்குக் காது கேட்காது என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் யாரும் போன் போடவில்லை.

மைக் அண்ணாச்சியைத் தெரிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்த ஊரில் அவர் குரலைக் கேட்காதவர்கள் இல்லை. ஆட்டோவில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக வருவார். ஜவுளிக்கடைத் திறப்பு, கண் சிகிச்சை முகாம், காணாமல் போன பிள்ளை, இறந்துபோன பெரியவர், எல்லாம் அவர் சொல்லித்தான் நமக்குத் தெரியும். ஆனால் நீங்கள் கேட்ட குரல் ஒன்று. நான் பார்த்த குரல் வேறு. அதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அன்று பஸ் ஸ்டாண்டிலிருந்து நேரே அவர் வீட்டுக்குத்தான் போனேன். அவர் மனைவி முப்பிடாதி மதினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மதினி பிச்சிப்பூக் கட்டிக் கடைக்குக் கொடுப்பவர். கையில் நாரும் பூவும் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. அன்று இரண்டு கையும் மடியில் சும்மா கிடந்தன.

"வாரும் தம்பி. உங்க அண்ணாச்சி போயிட்டாக," என்றார். பிறகு, "என்கிட்ட ஒரு வார்த்தை பேசாமலே போயிட்டாக," என்றார்.

"திடீர்னு வந்த வலியில என்ன பேச முடியும் மதினி?"

"அன்னைக்குச் சொல்லல தம்பி. கல்யாணம் ஆன நாள்ல இருந்து சொல்லுதேன். ஊருக்கெல்லாம் பேசிட்டு வருவாக. வீட்டுக்கு வந்தா வாய்க்குப் பூட்டு. நான்தான் பூவைக் கட்டிக்கிட்டே பேசிக்கிட்டு இருப்பேன். கேட்டாகளா கேக்கலையான்னுகூட எனக்குத் தெரியாது. செவுத்துக்கிட்ட பேசின மாதிரி."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மதினி விடவில்லை.

"உங்களுக்கு எழுத்துச் சொல்லித் தார எஸ்தர் டீச்சர் மாடியில நீங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசுவீங்களாமே. அதை மைக்குல பிடிச்சு வச்சிருக்காங்களாமே. ஊருக்குப் பேசுத குரல் இல்ல, ஒரு மனுசன்கிட்ட அவுக எப்படிப் பேசுவாகன்னு எனக்கு ஒரு தடவை கேக்கணும்."

கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அது லேசான காரியம் இல்லை என்று அப்போது எனக்குத் தெரியாது.

அண்ணாச்சி எப்படிப்பட்டவர் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு தடவை இளையரசனேந்தலில் ஒரு சாவு. எனக்கும் அந்தப் பக்கம் ஒரு வேலை இருந்ததால் ஆட்டோவில் அவரோடு போனேன். சாவு வீட்டில் ஒருவர் பையன்கள் பெயரை மட்டும் சொன்னார். அண்ணாச்சி, "பொம்பளைப் பிள்ளை கிடையாதா?" என்று கேட்டார். "ஒண்ணு இருக்கு. அதைச் சொல்லாதேயும், அது எங்க பேச்சைக் கேக்காம கல்யாணம் முடிச்சிட்டுப் போயிட்டு," என்றார் அவர். அண்ணாச்சி வண்டியில் ஏறினார். முதல் தெருமுனையிலேயே மைக்கை எடுத்து, பையன்கள் பெயரை எல்லாம் சொல்லி, "மற்றும் அன்பு மகளின் தகப்பனாருமான" என்று சேர்த்துக்கொண்டார். பக்கத்து ஊர் வரைக்கும் போய் அதையே சொன்னார். சாயங்காலம் அந்தப் பெண் வந்து அழுததாகக் கேள்விப்பட்டோம். திரும்பி வரும்போது என்னிடம் சொன்னார்: "சாவுச் செய்தியை எம்புட்டுச் சத்தமா வேணாலும் சொல்லலாம் வே. ஆனா ஆளைக் குறைச்சுச் சொல்லப்படாது."

இனி எஸ்தர் டீச்சர் மாடிக்கு வருகிறேன். எஸ்தர் டீச்சரின் அப்பா பாத்திரக்கடை வைத்திருக்கிறார். கடைக்கு மேலே டீச்சர் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறார். சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் எங்களைப் போன்ற கிழடுகளுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார். ஒருநாள் வகுப்பு முடிந்ததும், "ரெண்டு ரெண்டு பேரா உக்காந்து சும்மா பேசணும். அதைப் பதிவு பண்ணி ஒரு கம்பெனிக்கு அனுப்பணும். கம்ப்யூட்டருக்கு நம்ம ஊர்ப் பேச்சுப் புரியணும்ல, அதுக்கு. பேசினா கூலி உண்டு," என்றார்.

அண்ணாச்சி கேட்டார்: "நம்ம பேச்சுப் புரியாம அது இத்தன நாள் எப்படித் தாயி பொழைச்சுது?"

"படிக்கத் தெரியாதவங்க போன்கிட்ட வாயால கேட்டா, அது பதில் சொல்லணும் அண்ணாச்சி. இப்ப அதுக்குப் புத்தகத் தமிழ்தான் தெரியும். 'வாரேன்'னு சொன்னா முழிக்குது."

"பேசுறதுக்குக் கூலின்னா நான் வாரேன். ஆயுசு முழுக்க அதானே வாங்கித் தின்னேன். வேல்சாமியும் வருவாரு," என்று என்னையும் இழுத்துவிட்டார்.

பதிவு செய்யும்போது அந்த அறையில் காற்றாடியை நிறுத்திவிடுவார்கள். ஜன்னலை மூடிவிடுவார்கள். வேர்த்துக் கொட்டும். எதிரெதிரே உட்கார வேண்டும். ஆளுக்கு ஒரு சின்ன மைக்கைச் சட்டையில் குத்திவிடுவார் டீச்சர். பெயரைச் சொல்லக் கூடாது. போன் நம்பர் சொல்லக் கூடாது. முக்கியமாக, ஒருவர் மைக்கில் இன்னொருவர் குரல் விழக் கூடாது. ஆளுக்கு ஒரு தனிப் பதிவு. யார் எங்கே பேசுகிறார், யார் எங்கே குறுக்கே விழுகிறார் என்று மெஷின் அப்போதுதான் பிரித்துப் பார்க்குமாம்.

முதல் நாள் பேச வேண்டியது, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்பது. டீச்சர் கையைக் காட்டினார். அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைக் காலரைப் பிடித்து வாய்க்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"என் அருமை நண்பர் வேல்சாமி அவர்களே! நேற்றைய தினம் எங்கள் இல்லத்தில் புளிக்குழம்பு வைக்கப்பட்டது என்பதை மிக்க மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்!"

கீழே பாத்திரக்கடையில் யாரோ சிரித்தது டீச்சருக்குக் கேட்டிருக்கிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையை ஆட்டினேன். பிறகு கையைத் திருப்பி, எப்படி இருந்தது என்று சைகையில் கேட்டேன். அவர் மறுபடி ஊருக்கு அறிவித்தார். நான் மறுபடி தலையை ஆட்டினேன்.

நான் தறிக்காரன். விசைத்தறிக் கொட்டகைக்குள் தறிகள் ஓடும்போது கத்தினாலும் காதில் விழாது. கையாலும் கண்ணாலும்தான் பேச்சு. எதிரே இருப்பவன் உதட்டைப் பார்த்தே என்ன சொல்கிறான் என்று தெரிந்துகொள்வோம். தறியை விட்ட பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. காதுதான் போய்விட்டது.

டீச்சர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டார். "பெரியவரே, நீங்க தலையாட்டினா மைக்குக்கு எப்படித் தெரியும்? அண்ணாச்சி, நீங்க பேசினது அவரு மைக்குலயும் முழுசா விழுந்திருக்கு. பேரையும் சொல்லிட்டீங்க. இதை அனுப்பவே முடியாது."

"மைக்கைப் பாத்தா வாய் தானா நிமிருது தாயி. நான் என்ன செய்ய?" என்றார் அண்ணாச்சி. பிறகு என்னைக் காட்டி, "நானாவது பேசினேன். இவரு வாயைத் திறந்தா பஞ்சு உள்ள போயிரும்னு இத்தன வருசமா மூடியே வச்சிருக்காரு," என்றார்.

மறுநாள் ஒத்திகை பார்த்தபோதும் அதே கதைதான். டீச்சர் பாவம், வேறு ஆட்களைப் பார்க்கலாமா என்று யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது. அண்ணாச்சி முகம் வாடிவிட்டது. பேச்சுக்குப் பேர்போன மனிதர், பேசத் தெரியவில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்படப் போகிறார். அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது.

"அண்ணாச்சி, எனக்குச் சத்தமே வேண்டாம். உதடு அசைஞ்சாப் போதும். நீரு என்ன சொன்னாலும் புரியும்."

அவர் நம்பவில்லை. சோதித்துப் பார்ப்பதற்காகச் சத்தம் இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தார். 'நீரு ஒரு கூறுகெட்ட ஆளு' என்றார்.

"உம்மைவிடக் கொஞ்சம் பரவாயில்ல," என்றேன்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு சத்தம் இல்லாத உதட்டில் அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குரலை ஊற்றினார். டீச்சருக்கே ஆச்சரியம். உமியைக் கையால் அள்ளுகிற சத்தம் மாதிரி, கரகரவென்று, தணிந்த ஒரு குரல் என்றார் டீச்சர். எனக்கு அது பாதிதான் காதில் விழும். மீதியை நான் பார்த்தேன். நானும் தலையாட்டுவதை விட்டுவிட்டு வாயைத் திறக்கக் கற்றுக்கொண்டேன். "ம்." "அப்படியா?" "பொறவு?" அவ்வளவுதான் என் பங்கு. தலையாட்டுகிற பழக்கம் போய்விட்டதா என்று நானே கேட்டுப் பார்ப்பதற்காக என் மைக்கில் பதிவானதை மட்டும் டீச்சர் அன்றன்றைக்கு என் போனில் ஏற்றிக் கொடுத்தார். அண்ணாச்சியிடம் பட்டன் போன்தான். "எனக்கு வேண்டாம் தாயி. என் குரலைக் கேட்டு எனக்கே அலுத்துப் போச்சு," என்றுவிட்டார்.

பல நாள் பேசினோம். பயணம் பற்றி, மழை பற்றி, ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் செருப்பைத் தொலைத்தது பற்றி. ஒரு மத்தியானம், வீட்டைப் பற்றிப் பேசுங்கள் என்றார் டீச்சர். அன்று நான் அவரிடம், வீட்டில் ஏன் பேசமாட்டீர் என்று கேட்டேன். அவர் சொன்னார்: "நாள் முழுக்க நான் பேசுவேன், ஊரு கேக்கும். ஒருத்தரும் எனக்குப் பதில் சொன்னது கிடையாது. குழாயில பேசுதவனுக்கு யாரு வே பதில் சொல்லுவா? வீட்டுக்குப் போனாத்தான் எனக்குக் கேக்க ஒரு பேச்சு கிடைக்கும். அதுல நான் எதுக்குக் குறுக்க விழணும்?"

அவர் வாயிலிருந்து வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் மதினியிடம் இதை நான் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்வதாகத்தான் நினைப்பார். அவருக்கு வேண்டியது என் வார்த்தை இல்லை.

மதினி கேட்டதை டீச்சரிடம் சொன்னேன். அனுப்பியதும் அழித்துவிட வேண்டும் என்பதால் அவரிடம் பிரதி இல்லை; கம்பெனிக்கே எழுதிக் கேட்டுப் பார்த்தார். பதிவில் யார் பேர் என்ற விவரத்தை எடுத்துவிட்டு ஆயிரம் பேர் குரலோடு சேர்த்துவிட்டதால், ஒருவருடையதை மட்டும் திரும்பத் தேடி எடுக்க வழியில்லை என்று பதில் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். நானே வாசித்தேன். ஆக, மீதி இருந்தது இரண்டுதான். அனுப்ப முடியாமல் டீச்சரிடமே கிடந்த அந்த முதல் நாள் பதிவு ஒன்று. என் போனில் இருந்த என் பக்கத்துப் பேச்சு இன்னொன்று.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் டீச்சர் ஒரு சின்ன ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு வந்தார். மதினி வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். முதலில் முதல் நாள் பதிவை வைத்தார். "புளிக்குழம்பு வைக்கப்பட்டது என்பதை" என்று அண்ணாச்சி முழங்கினார். மதினி சிரித்தார். சிரிப்பு முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இது ஊருக்குப் பேசுத குரலு. இதைத்தான் நான் அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேனே. இது வேண்டாம் தாயி."

அடுத்து என் போனில் இருந்ததை வைத்தோம். வீட்டைப் பற்றிப் பேசிய அந்த மத்தியானம். நான் காதை ஸ்பீக்கரில் ஒட்டிக்கொண்டேன். என் குரல் வந்தது. "ம்," என்றேன். பிறகு ஒன்றும் இல்லை. "அப்படியா?" என்றேன். மறுபடி ஒன்றும் இல்லை. அண்ணாச்சி மெல்லப் பேச அவ்வளவு நன்றாகப் பழகிவிட்டார். என் மைக்கில் அவர் குரல் ஒரு பொட்டுக்கூட விழவில்லை.

மதினி முகம் இறங்கிவிட்டது. "இங்கயும் பேசலையாக்கும்," என்றார்.

டீச்சர் நிறுத்தப் போனார். அப்போது என் குரல் சொன்னது: "என்னது, காக்கா கொண்டு போச்சுன்னா சொன்னாக?"

மதினி டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டார்.

பதிவில் நான் சிரித்தேன். பிறகு மௌனம். பிறகு என் குரல்: "அப்ப மூக்குத்தி அந்தக் கெணத்துக்குள்ளதான் கெடக்கா இன்னும்?" மௌனம். "அவுக அய்யாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாதா?" மௌனம். "பொறவு?" ஒரு நீண்ட மௌனம். "ராயகிரியிலயா? எட்டிப் பாத்தீரா?" அதைவிட நீண்ட மௌனம்.

டீச்சர் ஸ்பீக்கரை நிறுத்தினார். மதினி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டிருந்தார்.

"சின்னப் பிள்ளையில ராயகிரியில எங்க தோட்டத்துக் கெணத்துல மூக்குத்தியைப் போட்டுட்டேன். அடிப்பாகன்னு காக்கா மேல பழியைப் போட்டேன். இதை இந்த உலகத்துல அவுக ஒருத்தர்கிட்டத்தான் சொன்னேன். பூக் கட்டும்போது சொன்னேன். அவுக பாட்டுக்குச் செவுத்தைப் பாத்துப் படுத்திருந்தாக. தூங்கிட்டாகன்னுல்லா நினைச்சேன்."

"தூங்கல மதினி."

"தெரியுது. நீரு சிரிக்கதுலயே தெரியுது. அவுக சொல்லாம உமக்கு எப்படித் தெரியும்?" மதினி என் பக்கம் திரும்பினார். "எட்டிப் பாத்தீரான்னு கேட்டீரே. அவுக என்ன சொன்னாக?"

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். அந்த இடத்தில் அண்ணாச்சி என்ன சொன்னார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். உதட்டைப் பார்த்துக் கேட்டது மறக்காது. ஆனால் யாரிடமும் சொல்லக் கூடாது என்று அதோடு சேர்த்தே சொல்லியிருந்தார். டீச்சர் என்னைப் பார்த்தார். மதினியின் கை மடியில் சும்மா கிடந்ததைப் பார்த்தேன். சொல்லிவிட்டேன்.

அண்ணாச்சி சொன்னது இது: "ராயகிரிப் பக்கம் ஆட்டோ போச்சுன்னா அந்தத் தோட்டத்துக்கிட்ட மைக்கை அணைச்சிருவேன். இறங்கிப் போய் எட்டிப் பாப்பேன். தண்ணி கெடக்கும். மூக்குத்தி எங்க தெரியப் போகுது, என் மண்டைதான் தெரியும். அவகிட்ட சொல்லிராதேயும் வே. நான் கேட்டுக்கிட்டுத்தான் கெடக்கேன்னு தெரிஞ்சா, வெக்கப்பட்டு அந்தக் கதையைத் திரும்பச் சொல்லமாட்டா."

மதினி அழுதார். அழுகைக்கு நடுவிலேயே, "மூணு நாலு தடவை சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் புதுசாக் கேக்க மாதிரி செவுத்தையே பாத்துக்கிட்டுக் கெடந்தாகளே, கள்ள மனுசன்," என்று திட்டினார். அவர் வீட்டில் அந்த மனிதரை யாரும் திட்டி நான் கேட்டதில்லை. கேட்க நன்றாக இருந்தது.

கிளம்பும்போது மதினி சொன்னார்: "தம்பி, நீரு சும்மா இருக்க இடத்துல எல்லாம் அவுக பேசியிருக்காக. அதெல்லாம் எழுதித் தாரும். உமக்குத்தான் எழுத்து வந்துட்டே."

"உங்களுக்கு வாசிக்கத் தெரியாதே மதினி?"

"நீரு எழுதுத வேகத்துக்கு, அதுக்குள்ள நான் படிச்சிருவேன்," என்றார். டீச்சர் சிரித்துவிட்டார். மதினி இப்போது சாயங்கால வகுப்புக்கு வருகிறார். அண்ணாச்சி உட்கார்ந்த இடத்தில் உட்காருகிறார். பாடம் நடக்கும்போதும் பேசிக்கொண்டேதான் இருக்கிறார்.

நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். போனைக் காதோடு ஒட்டி வைத்தால் என் "ம்" வரும். உடனே நிறுத்துவேன். அடுத்த "பொறவு?" வருவதற்குள் அண்ணாச்சி என்ன சொன்னார் என்று கண்ணை மூடிக்கொண்டால் அந்த உதடு தெரியும். மேல் மீசையில் ஒரு நரை மட்டும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். 'வே' என்று சொல்லும்போது கீழுதடு இடது பக்கம் இழுக்கும். அதைப் பார்த்து எழுதுவேன். அவர் சொன்னபடியே, வாரேன் போறேன் என்றுதான் எழுதுகிறேன்.

ஊருக்கு அவர் குரல் மிஞ்சியிருக்கிறது. ஆயிரம் பேர் குரலுக்கு நடுவில், எங்கேயோ ஒரு மெஷினுக்குள், அவர் தணிந்து பேசியதும் இருக்கிறது. நாளைக்கு யாரோ ஒரு படிக்காத ஆள் போனிடம் 'வாரேன்' என்று சொல்லி அதற்கு அது புரிந்தால், அதில் அண்ணாச்சிக்கும் ஒரு பங்கு உண்டு. என்னிடம் இருப்பது, என் இரண்டு கேள்விகளுக்கு நடுவே அவர் விட்டுவிட்டுப் போன அந்தச் சத்தமில்லாத இடங்கள். ஒவ்வொன்றிலும் அவர் பேசிக்கொண்டே இருக்கிறார். நான் குறுக்கே விழாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.